அன்பான கழுதைகளே

யூலை 13, ஞாயிறு

சோளகக் காற்று. பூசையிலிருந்து வீடு வருவதற்குள் பல்லிடுக்கெல்லாம் மணல்.

இன்று நான் சொல்லாதது: "அவரைக் கேட்டது நான்தான்."

பின்னேரம் தாழ்வுபாட்டுக் கரையில், பெர்னடெற் அக்கா வீட்டில் கூட்டம். கருவாடு போடுகிறவர். மற்றப் பெண்கள் அவரை நம்பித்தான் நாங்கள் பெண்களாகத் தொடங்கிய சனிச்சந்தையில் சேர்ந்தார்கள், என்னை நம்பி இல்லை. கதிரையில்கூட இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"ஆர் அந்தாளைக் கூப்பிட்டது? சந்தையைச் செத்த வீடாக்கிப் போட்டான்!"

ஒருவரும் பேசவில்லை. நானும்.

அந்தாள் என்றால் செல்வராஜ் அண்ணன். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்பவர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வேதக்காரர், சைவர் எல்லோருடைய சாவையும் அவர்தான் சொல்வார். ஒருவருடைய கலியாணத்துக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை. குரல் ஒழுங்கைக்குள் வந்தால் வீட்டில் றேடியோவை நிற்பாட்டுவோம், ஆர் என்று கேட்க வாசல் படலைக்குப் போவோம்.

போன மாதம் தாழ்வுபாட்டு வீதியில் கழுதைக் கூட்டம் ஒன்று நடுரோட்டில் நின்றது. அவருடைய ஓட்டோ எனக்கு முன்னால். மைக்கை எடுத்தார். அதே சாவுக் குரல். "அன்பான கழுதைகளே! உங்கள் பேரன்புக்குரிய பாதையை விட்டுச் சற்று விலகிக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." சைக்கிளிலிருந்து விழாத குறை எனக்கு. இப்படி ஒரு ஆளைத்தானே தேடிக்கொண்டிருந்தோம் என்று பட்டது. அந்த இடத்திலேயே கேட்டேன். சந்தைக்கு நீங்கள் அறிவிப்பீர்களா?

அவர் முகத்தில் வந்த சந்தோசம். "ஒரு நாளாவது என் கொரலக் கேட்டு ஆளுங்க சிரிக்கணும் தங்கச்சி."

நேற்று அறிவித்தார். கருவாடு, இனிப்புத் தொதல், பனங்கட்டி, எல்லாம் அழகாகச் சொன்னார். கடைசியில் வாய்ப் பழக்கத்தில்: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

சனம் குவிந்தது. ஆர் செத்தது என்று கேட்டுக்கொண்டு. வெள்ளைச் சீலையும் குடையுமாக வந்த அம்மா ஒருவர் என்னிடம், "பெட்டி எங்க பிள்ளை வச்சிருக்கு?" கடைசியில் தொதல் வாங்கிக்கொண்டு போனார்.

பெர்னடெற் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி அந்த நேரம் கடலில். "அந்தக் குரல் கேட்டதும் என்ர கையில இருந்த கருவாட்டுப் பேசின் விழுந்திட்டுது. உங்களுக்கு விளங்காது."

விளங்கியது. அதனால்தான் வாய் திறக்க முடியவில்லை என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. உண்மை அதுவல்ல. பயம்.


யூலை 14, திங்கள்

காற்று அப்படியே. என் கடையில் போட்டோகொப்பி மெசின் மறுபடியும் தாளைத் தின்றது. வாங்க: டோனர், பால்மா, அம்மாவின் கால் எண்ணெய்.

பத்து மணிபோல செல்வராஜ் அண்ணன் வந்தார். கடையில் நின்ற இருவர் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அது பழக்கம்.

"பெர்னடெற் அக்கா போன் பண்ணாங்க. இனிமே சந்தைப் பக்கமே வரவேணாம்னுட்டாங்க. யாரு சொல்லிக் கத்துனேன்னு கேட்டாங்க. நானாத்தான் கத்துனேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணன்? என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று நினைத்தேன் என்பதுபோலச் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டு. "கடைசி வரிய மாத்திட்டேன், கேளுங்க. 'வெறுங்கையோட வாங்க, வெறுங்கையோட போகாதீங்க!'" நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் சாவு வாடை அடிக்குதோ?"

கொஞ்சம் அடித்தது. இல்லை என்றேன்.

"சனிக்கிழமை அக்காவோட கதைக்கிறன்" என்றேன். "சரிங்க தங்கச்சி." துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

தாழ்வுபாடு எவ்வளவு தூரம்? சைக்கிளில் இன்றைக்கே போயிருக்கலாம்.


யூலை 16, புதன்

போகவில்லை. காற்று, மெசின், அம்மாவின் கால். காரணங்களுக்குக் குறைவில்லை.

புதுமை ஓரத்தில் நிற்கிற ஆட்களிடமிருந்துதான் வரும் என்று எத்தனை புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். முதல் கூட்டத்தில் அதைப் பெரிய சொற்பொழிவாகவே சொன்னேன். தொதல் போடும் சம்சுன் ராத்தா கொட்டாவி விட்டார். அவர்தான் சரி.


யூலை 19, சனி

சந்தை. அறிவிப்பு இல்லை, வட்சப்பில் மட்டும் போட்டோம். வந்தவர்களில் பாதி எங்கள் சொந்தக்காரர்.

சம்சுன் ராத்தா ஈ ஓட்டிக்கொண்டே: "அந்தாள் கத்தின கிழமை என்ர தொதல் சட்டி காலி. மறுக்கேலாது. எங்கட மௌத்தைப் பள்ளிவாசல்ல சொல்லுவாங்க, ஆனா எனக்கும் அந்தக் குரலைக் கேட்டா கால் தன்ர பாட்டில படலைக்குப் போகுது."

பெர்னடெற் அக்கா கருவாட்டைத் திருப்பித் திருப்பி அடுக்கினார்.

அப்போது சொன்னேன். "அக்கா, அவர் தானா வரேல்லை. நான்தான் கேட்டனான்."

நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா? விசரி. அண்டைக்கே சொல்லியிருந்தா உனக்கு ரெண்டு ஏச்சு விழுந்திருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். நான் அந்த மனிசனைப் போட்டு என்ன பேச்சுப் பேசினனான் தெரியுமா?" மீன் கையைச் சீலையில் துடைத்தார். "கூப்பிடு, வரட்டும். படகுகள் கரைக்கு வந்தாப் பிறகு அறிவிக்கச் சொல்லு. காலமை வேண்டாம்."

இவ்வளவுதான்.

அந்த இடத்திலேயே செல்வராஜ் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். பின்னால் பஸ் ஹோன், சனச் சத்தம்.

"தங்கச்சி, நான் வவுனியாவுல. லொத்தர் சீட்டு விக்கிற வண்டியில கூவுறதுக்குச் சேந்துட்டேன். வியாழக்கிழமையே வந்துட்டேன்."

"அக்கா வரச் சொல்லுறா அண்ணன். நான் எல்லாம் சொல்லிட்டன்."

"அப்படியா? சந்தோசம்." குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க யாருக்கும் என் கொரல் தெரியாது. நேத்து ஒரு பொம்பளப் புள்ள சிரிச்சுது. வர்றது கஷ்டம் தங்கச்சி. வச்சுடறேன், ஆளு வருது."

சம்சுன் ராத்தா தொதல் துண்டு ஒன்று தந்தார். தின்னவில்லை. கையில் ஒட்டிக்கொண்டது.


யூலை 27, ஞாயிறு

காற்றுக் குறைவு. சீலைகள் காய்ந்துவிட்டன.

காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு ஓட்டோ வந்தது. பதிவு செய்த குரல், ஏதோ ஸ்ரூடியோப் பெண்ணுடையது. சுத்தமான உச்சரிப்பு. அடுத்த ஒழுங்கைப் பெரியவர் காலமானார், நல்லடக்கம் பின்னேரம், இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

ஒருவரும் படலைக்கு வரவில்லை.