கிளச் கேபிளில் ஒரு சிவப்புப் புள்ளி

இன்று காலை பேரூர்க்கடை ஏற்றத்தில் அந்த வாடை மறுபடியும் வந்தது. ரப்பரும் பழைய துணியும் சேர்ந்து கருகுகிற வாடை. எனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. அதிலிருந்துதான் வருகிறதோ என்று என்னையே கொஞ்ச நேரம் ஏமாற்றிக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்தது. பொன்முடிக்குப் போனபோது நீங்களும் இதையேதானே சொன்னீர்கள்?

அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் நம் வண்டி உறுமியதே தவிர ஏறவில்லை. "முன்ன போற பஸ்ஸுக்க பிரேக்காக்கும் நாறுது, கேட்டியா" என்றீர்கள். அடுத்த வளைவு திரும்பினோம். முன்னால் பஸ்ஸே இல்லை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். உங்கள் வண்டியைக் குறை சொல்வதும் உங்கள் அம்மாவைக் குறை சொல்வதும் நம் வீட்டில் ஒன்றுதான். இறங்கி வரும்போது கல்லாற்றில் ஒரு கடையில் சாயா குடித்தோம். கிளம்பலாம் என்று நீங்கள் எழுந்தபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். மலையில் ஓட்டிய களைப்பு என்று இருவருமே நினைத்தோம்.

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க வண்டி உறைக்குள்ளேயே கிடந்தது. "அத வித்திரும்மா. கிளச்சே இல்லாத வண்டி ஒண்ணு எடுப்போம்" என்று மகள் ஃபோனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் பிடிகொடுக்கவில்லை. ஆட்டோவுக்குக் காத்து நின்று அலுத்துப்போய்ப் போன வாரம்தான் உறையை எடுத்தேன். பெடலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, கேபிள் இன்னும் உங்கள் காலுக்கு முறுக்கி வைத்தபடியே இருக்கிறது. தொட்டாலே போதும், கிளச் விட்டுவிடுகிறது. இப்படியே ஓட்டினால் கிளச் பிளேட் சரியாகப் பிடிக்காமல் உரசிக் கருகிப் போகும். தளர்த்தினாலோ, இந்த வண்டியில் உங்கள் கால் இருந்த இடம் போய்விடும். ஒரு வாரமாக எனக்கு இதுதான் பிரச்சினை. இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்?

எல்லாம் ஒரு சத்தத்தில்தான் ஆரம்பித்தது. கியர் போடும்போது கர்ரென்று அரைபடும் சத்தம். "கேபிள் நீண்டுபோச்சு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம் என்றேன். உங்களுக்கு அது மானப் பிரச்சினை. "கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் ஒரே காலுண்ணு நெனச்சு செட்டு பண்ணி விட்டிருக்கான். எனக்க காலு எனக்கல்லவா தெரியும்" என்றீர்கள். கழிவறை விளக்கு மாற்ற ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை புட்டும் கடலையும் தின்ற கையோடு பானெட்டைத் திறந்துவிட்டார்.

முதல் முறுக்குக்கு முன்னால் என் நகப்பாலீஷைக் கேட்டீர்கள். எதற்கு என்று முறைத்தேன். கேபிளின் நுனியில் மரையில் ஏறியிருக்கும் நட்டைக் காட்டி, கம்பெனியில் அது எந்த இடத்தில் இருந்ததோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தீர்கள். "திரும்பி வரணுமுண்ணா வழி தெரியணும், அல்லே?" என்று சிரித்தீர்கள். அதன் பிறகு அந்த பாலீஷ் குப்பி டூல் பெட்டிக்கே சொந்தமாகிவிட்டது.

நான் டிரைவர் சீட்டில், நீங்கள் பானெட்டுக்குள். "சவுட்டு" என்பீர்கள், மிதிப்பேன். "பைய விடு" என்பீர்கள், விடுவேன். நட்டைக் கொஞ்சம் இறுக்குவீர்கள். பிறகு தெருவை ஒரு சுற்று சுற்றி வருவீர்கள், முகம் மலர்ந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் திரும்பிவிடும். மறுபடி பானெட், மறுபடி சவுட்டு, பைய விடு. நான் ஓட்டும்போது மட்டும் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. சொன்னேன். "நீ பயந்து பயந்து போடுவ, அதான்" என்று தள்ளிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

பொன்முடி போய் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி உள்ளே விழுந்தது. குனிந்து எடுக்க உங்களால் முடியவில்லை. "நீங்க சீட்டுல இருங்க, இண்ணைக்கு நான் பாக்கேன்" என்று இடம் மாறினேன். அது ஒன்றுதான் அன்று மாறியது. ஸ்பேனரை எடுத்துவிட்டு, நீங்கள் எத்தனையோ முறை சொன்னதை நான் சொன்னேன்.

"சவுட்டுங்க."

கேபிள் இழுத்தது. அதன் நுனியில் இருந்த கிளச் லீவர் பாதி தூரம் வந்து நின்றது.

"முழுசா சவுட்டுங்க."

"முழுசாத்தான் சவுட்டுதேன்."

லீவர் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து, திறந்த பானெட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிக் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகம் சிவக்க மிதித்துக்கொண்டிருந்தீர்கள். பொய் சொல்லவில்லை நீங்கள். உங்களைப் பொறுத்தவரை அது முழுசுதான். கேபிளுக்கு ஒன்றுமில்லை என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. "செரியாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள். "செரியாச்சு" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

பிறகு ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் உங்களைக் கட்டிலில் படுக்கவைத்து, இடது உள்ளங்காலில் தன் கையை வைத்துக்கொண்டார். "நல்லோணம் சவிட்டிக்கே, சாரே" என்றார். நீங்கள் அதே பதிலைத்தான் மலையாளத்தில் சொன்னீர்கள்: "சவிட்டுந்நுண்டல்லோ, டாக்டரே." அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காலிலிருந்து கைக்கு, கையிலிருந்து தொண்டைக்கு என்று அந்தத் தளர்ச்சி ஏறிய கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு மட்டும் இறுக்குவதற்கு ஒரு நட் இருக்கவில்லை. பேச்சு போவதற்கு முன் ஒரு நாள், படுத்தபடியே, "வண்டிய இடைக்கிடைக்கு ஸ்டார்ட் பண்ணி வையி, பேட்டரி போயிரும்" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். செய்யவில்லை. பேட்டரியும் போயிற்று, போன வாரம் புதிதுதான் வாங்கிப் போட வேண்டிவந்தது.

இன்று ஏற்றத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, பானெட்டைத் திறந்தேன். உங்கள் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, யோசிக்காமல், "சவுட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பழக்கம். மதிலுக்கு அந்தப்புறம் யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். அழுது முடித்துவிட்டு நட்டைத் தளர்த்த ஆரம்பித்தேன்.

உங்களிடமிருந்து பின்னால் வர எத்தனை திருப்பு! கிரீஸ் படிந்த மரையைத் துடைத்தபோது அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது, கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வண்டிக்குத் திரும்பி வர வழி வைத்துவிட்டுப் போனீர்களே. புள்ளிக்கு வர அரைத் திருப்பு இருக்கும்போது நிறுத்திவிட்டேன். அதனால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது, விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், லீவருக்கு வேண்டிய தளர்வு இருக்கிறது. அந்த அரைத் திருப்பு உங்களுடையது, இருக்கட்டும்.

பிறகு சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். பெடல் இறங்கியது, இறங்கிக்கொண்டே போய்த் தரையில் முட்டியது. உங்கள் காலுக்கு அது அவ்வளவு தூரம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.