ஒன்பது மணிக்குள் கொடியில் துணி

ஏப்ரல் 19

இன்று இரண்டு சுற்றுலா நடை. காலை பத்து மணிக்கு இருபத்தெட்டுப் பேர், மாலை நான்கு மணிக்குப் பத்தொன்பது பேர். பீலே வாசல், பெரிய நீரூற்று, மடம், எங்கள் படிக்கட்டுச் சந்து, துறைமுகம். ஒன்றரை மணி நேரம். கூட்டத்துக்கு அடையாளமாகச் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தே வலது தோள் இறங்கிப்போச்சு.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு நாள். துப்ரோவ்னிக்கில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருடம் என்பது ஏழு மாதம்தான். அக்டோபர் ஒன்றாம் தேதி உள்ளே, ஏப்ரல் முப்பதாம் தேதி வெளியே. மே பிறந்தால் வீடு பயணிகளுக்கு. ஆசிரியர், தாதி, என்னைப் போன்ற வழிகாட்டி எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு யார் வீட்டு சோபா காலியாக இருக்கிறது என்று அலைய வேண்டும். அம்மாவும் நானும் ஆறு வருடமாக இப்படித்தான். போன கோடையில் அம்மா தன்னோடு வேலை செய்கிறவளின் சமையலறையில் படுத்தாள். ஐந்து மாதம். ஐம்பத்து நான்கு வயதில். பகல் முழுக்க இந்தச் சந்தில் எட்டு அறைகளில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துவிட்டு, ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் தரையில்.

இந்த வருடம் அந்தச் சமையலறையும் கிடையாது. அவள் மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் குடிவந்துவிட்டான்.

ஏப்ரல் 22

மூன்று இடத்தில் கேட்டேன். இரண்டு பேர் பேசவே இல்லை. மூன்றாவது ஆள், "அக்டோபர்ல வாம்மா, தாராளமா தர்றேன்" என்றார்.

ஏப்ரல் 23

காலை நடையில் உளறிவிட்டேன். உளறலா அது? உண்மையைத்தானே சொன்னேன்.

படிக்கட்டுச் சந்தில் நின்று சொல்ல வேண்டியதை நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. "மேலே பாருங்கள், கொடியில் துணி காய்கிறது. இந்தக் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன." உடனே எல்லோரும் கைபேசியைத் தூக்குவார்கள். மூன்று வருடமாக இதில் தவறியதே இல்லை.

இன்று முன்வரிசையில் ஒரு இத்தாலிய அம்மாள். கியோஜாவில் முப்பது வருடம் சலவைக்கடை வைத்திருந்தவளாம். மேலே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். எல்லாம் வெள்ளைப் போர்வை, வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு. இந்தக் குடும்பத்துல யாரும் ஜட்டியே போடமாட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம்.

"அது பயணிகள் படுக்கிற போர்வை," என்றேன். "துவைச்சது எங்கம்மா. இந்தச் சந்துல இருபத்தொரு வீடு. ரெண்டுலதான் ஆள் இருக்கு. ஒண்ணு எங்களுது. அடுத்த வாரம் நாங்களும் காலி."

ஒருவர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், எங்கள் வீட்டையும் சேர்த்து.

ஏப்ரல் 24

ஸ்வோன்கோ கூப்பிட்டனுப்பினான். நடை நிறுவனம் அவனுடையது. எங்கள் சந்தில் பாதி வீடுகளை, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காகக் கவனித்துக்கொள்வதும் அவன்தான். எங்கள் வீடும் அதில் சேர்த்தி. வேலை போச்சு என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இத்தாலிய அம்மாள் எழுதிய விமரிசனத்தை வாசித்துக் காட்டினான். நடை அருமை, வழிகாட்டி அருமை, ஆனால் தெருவைப் பார்த்தால் விடுதியின் பின்கட்டு மாதிரி இருக்கிறது.

"அந்தம்மா சொன்னதுல தப்பில்ல தேஷா. வெறும் வெள்ளையா தொங்கினா யார் நம்புவா?"

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"நீயும் உங்கம்மாவும் கோடையிலயும் அங்கேயே இருங்க. மேல்மாடி, தொண்ணூறு படி. பயணிங்க எப்படியும் முணுமுணுக்கிறாங்க. குளிர்கால வாடகையே குடுங்க, போதும். ஒண்ணே ஒண்ணு. தினமும் காலைல ஒன்பது மணிக்குள்ள கொடியில துணி. கலர் துணி. சன்னல் திறந்திருக்கணும். உங்கம்மா அப்பப்ப எட்டிப் பார்த்தாங்கன்னா இன்னும் நல்லது."

"எங்கம்மா என்ன, கடிகாரத்துக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்கற குருவியா?"

"வீடு வேணுமா, வேண்டாமா?"

ஏப்ரல் 25

வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன் அம்மாவை. அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"துவைக்கறேன், காயப்போடறேன். கீழ நின்னு எவனோ படம் புடிக்கிறான். அதனால துணி காயாம போயிடுமா?"

"நம்மள மிருகக்காட்சி சாலையில வைக்கிறாங்கம்மா."

"மிருகக்காட்சி சாலையில மே மாசம் காலி பண்ணச் சொல்றதில்லடி."

ராத்திரி ஸ்வோன்கோவுக்குச் சரி என்று செய்தி அனுப்பினேன்.

மே 6

ஸ்வோன்கோ ஒரு பை அனுப்பியிருக்கிறான். இரண்டு ஆண் சட்டை, கைக்குழந்தைச் சட்டை ஐந்து, சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. குடும்பம் என்றால் இவ்வளவும் வேண்டுமாம். அப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அவர் இருந்தபோதும் இத்தனை நல்ல சட்டை போட்டதில்லை.

அம்மா எல்லாவற்றையும் மாட்டினாள். எதிர்வீட்டு பாவித்சா சன்னலைத் திறந்தாள். சந்தில் ஆள் இருக்கும் இன்னொரு வீடு அவளுடையதுதான்.

"ஏன்டி ஆனே, எப்படிடி மறைச்சே? புள்ள பொறந்தா ஊருக்கே தர்ற சீனிப் பாதாம் ஒண்ணு கூட கண்ணுல காட்டல."

"அப்பன் யாருன்னு முடிவாகட்டும், அப்புறம் தர்றேன்," என்றாள் அம்மா.

"கோடை முடியறதுக்குள்ள முடிவு பண்ணு. எனக்குப் பல்லு விழுந்துட்டிருக்கு."

பத்து மணி நடையில் என் கூட்டத்தோடு கீழே நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்தாள். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருப்பதாகப் பேசி வைத்திருந்தோம். அவள் என்னை அந்நிய ஆளைப் போலவே பார்த்தாள். அவளுக்கு அது இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

மே 30

யாரும் போடாத குழந்தைச் சட்டையை நாள்தோறும் நனைத்துக் காயப்போடுகிறோம். நிறம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 17

இன்று ஒருவன் கீழிருந்து அம்மாவிடம் சைகை காட்டினான். வெளிச்சம் சரியில்லையாம், அந்தச் சட்டையை எடுத்து மறுபடி மாட்ட வேண்டுமாம். மாட்டினாள். இன்னொரு தடவை என்றான். மறுபடியும் மாட்டினாள்.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. "அடுத்து துறைமுகம், இந்தப் பக்கம் வாருங்கள்" என்று குடையைத் தூக்கினேன்.

வீட்டுக்காகத்தானே. கோட்டைக்குள் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் இதைத்தானே சொல்கிறார்கள்? பிள்ளைக்காக வித்தேன், கூரை மாத்தக் காசில்லாம வித்தேன். அவங்களை எல்லாம் நான் எவ்வளவு கேவலமா பேசியிருக்கேன். அவங்க ஒரே ஒரு தடவை வித்தாங்க. நான் தினம் ரெண்டு வாட்டி விக்கறேன், பத்து மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு.

ஜூலை 9

நேற்று மாலையிலிருந்து யூகோ. தென்கிழக்கிலிருந்து கடலையே தூக்கிக்கொண்டு வருகிற ஈரக் காற்று. படிக்கல் வியர்க்கிறது, ரொட்டி தொய்ந்துபோகிறது, எல்லோருக்கும் தலைவலி. யூகோவில் இந்த ஊரில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். காயாது. உப்புப் படியும், நாறும். அம்மா நேற்றே கடல் பக்கம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டாள்.

ஒன்பது இருபதுக்கு ஸ்வோன்கோவின் செய்தி. "துணி எங்கே? இன்று இரண்டு பயணிகள் கப்பல்."

"யூகோவுலயா? முடியாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

நான், நானே சொன்னேன்: "ஒரு நாள்தானேம்மா. போட்டுடேன்."

"பாவித்சா பாத்தா என்ன நெனப்பா? துணி போடத் தெரியாதவன்னு நெனக்கமாட்டா?"

"அவளுக்குத்தான் எல்லாம் நாடகம்னு தெரியுமே."

"சட்டை நாடகம். போடற கை என் கை."

இரண்டு மாதமாக எது சொன்னாலும் செய்தவள். முன்பின் தெரியாதவனுக்காகச் சட்டையை எடுத்து எடுத்து மாட்டியவள். ஏன் இதில் வந்து நிற்கிறாள் என்று முதலில் புரியவில்லை. கோபம்கூட வந்தது. நாலு மணி நடையில் வெறும் கொடிக்குக் கீழே நின்றபோதுதான் கொஞ்சம் புரிந்தது. இந்த ஊரில் அவளுக்கென்று மிச்சமிருக்கும் பெயர், துணி போடத் தெரிந்தவள் என்பது ஒன்றுதான்.

ஜூலை 10

இன்னும் யூகோ. ஸ்வோன்கோ தொண்ணூறு படியும் ஏறி நேரில் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"ஆனேம்மா, என்ன பிரச்சினை? நல்லா காத்து அடிக்குது. காத்துல சீக்கிரமாத்தானே காயும்?"

அம்மா அவனைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பரிதாபம்தான் இருந்தது. அவன் ஸாக்ரெப்காரன், இங்கே வந்து பன்னிரண்டு வருடம்.

"உன் கையில இந்த ஊர்ல எத்தனை வீடு இருக்கு தம்பி?"

"பதினாலு. அதுக்கென்ன?"

"பதினாலு வீட்டுச் சாவி வச்சிருக்கே. யூகோன்னா என்னன்னு தெரியல உனக்கு."

அவன் முகம் சிவந்தது. "காயணும்னு யார் கேட்டா? தொங்கினா போதும்."

அம்மா உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பையோடு வந்தாள். ஆண் சட்டை இரண்டு, குழந்தைச் சட்டை ஐந்து, மேசைவிரிப்பு, எல்லாம் தேய்த்து மடித்தது. அவன் கையில் வைத்தாள்.

"தொங்கவிடறதுக்கு வேற ஆள் பாத்துக்க."

வெள்ளிக்கிழமைக்குள் வீடு காலியாக வேண்டும் என்றான். அம்மாவின் எட்டு அறை வேலையும் அதோடு போயிற்று. அவன் இறங்கிப் போனதும் நான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, "இப்போ எங்கம்மா போறது?" என்று கத்தினேன்.

ஜூலை 12

த்ரேபின்யே. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்தானே சித்தியின் வீடு. போர்வை விரித்தால் கதவு திறக்காத அறை. ஆனால் அறை.

கிளம்பும்முன் அம்மா வீடு முழுக்கப் பெருக்கினாள். எவனுக்காகப் பெருக்கறே என்று கேட்டேன். "குப்பையோட விட்டுட்டுப் போக நான் என்ன பயணியா?" என்றாள்.

பாவித்சா ஒரு மூட்டையைக் கீழ்வாசல் வரை தூக்கி வந்தாள். "இனிமே நான் யார்கிட்ட வாயாடறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5

எல்லையில் இன்று ஒரு மணி நாற்பது நிமிடம் வரிசை. பத்து மணி நடைக்கு ஓடி வந்து சேர்ந்தேன்.

ஸ்வோன்கோ என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆகஸ்டில் உரிமம் உள்ள வழிகாட்டி எங்கே கிடைப்பாள்? அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய வீட்டுக் கொடியில் அதே குழந்தைச் சட்டைகள். சன்னல் திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. மூன்று நாளாக யூகோவும் மழையும். ஒருவரும் எடுக்கவில்லை. கவ்விகளின் துரு சட்டைத் தோள்களில் பழுப்பாக இறங்கியிருந்தது. கூட்டம் கைபேசியைத் தூக்கியது.

நான் குடையை இறக்கினேன்.

"இந்த வீட்டில் யாரும் இல்லை. ஆள் இருந்தால் யூகோ வருவதற்கு முன்பே துணியை எடுத்திருப்பாள்."

பின்னால் ஒருவர் இது ஊர்க்கதையா என்று கேட்டார். இல்லை, மூன்று வாரம் முன்பு நடந்தது என்றேன். சொல்லி முடித்தேன், எல்லாவற்றையும், எங்கள் ஒப்பந்தத் தேதிகளோடு. யாரும் சிரிக்கவில்லை. நாலு மணிக்கும் அதையே சொன்னேன்.

ஆகஸ்ட் 6

இன்றும்.

செப்டம்பர் 8

ஸ்வோன்கோ சொல்லிவிட்டான். இம்மாதம் முப்பதோடு சரி, அடுத்த வருடம் கூப்பிட மாட்டான். "நீ நடக்கச் சொன்னா பிரசங்கம் பண்றே" என்றான். உரிமம் என் பெயரில் இருக்கிறது, குடை மட்டும்தான் அவனுடையது. கொடுத்துவிடுவேன்.

அக்டோபர் 2

மொகோஷிட்சா, ஐந்தாவது மாடி. கோட்டைக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். இங்கே எந்த நடையும் வராது, பார்க்கவும் ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் சந்தில் இப்போது பாவித்சா மட்டும்தான்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டியதும் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இதுல மே இருக்கு."

"இருக்கணுமே," என்றார் அவர்.

"ஜூனும் இருக்கு. ஜூலையும்." கையெழுத்துப் போடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தப்பா அடிச்சிடலையே?"

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

சாயந்திரம் பெட்டிகளைப் பிரித்தோம். கடைசியில் ஒன்று, கயிறு போட்டுக் கட்டியது. ஆறு வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கடியில் கட்டு அவிழ்க்காமலே கிடந்த அட்டைப்பெட்டி. எப்படியும் மறுபடி கட்டத்தானே போகிறோம் என்று அம்மா அதைத் தொட்டதில்லை. இன்று கத்தரிக்கோல் கேட்டாள். உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிக் கிண்ணங்கள், ஆறு. இவை எங்களிடம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒன்று விரிசல் விட்டிருந்தது. மீதி ஐந்தையும் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். பெட்டியை மடக்கி, கீழே குப்பையில் போட்டுவிட்டு வரச் சொன்னாள்.