உன் திருகாணி, என் பித்தளை உடம்பு

அன்பான மைமூனுக்கு,

அக்கா என்று எழுதமாட்டேன். நான்தான் மூத்தவள். நான் எஸ்டேட்டில் பிறந்த நாளை யாரும் ஒழுங்காக எழுதிவைக்காததால் என் ஐசி அடையாளக் கார்டு பொய் சொல்கிறது. உன்னுடையதும் அப்படித்தான். நீ போய்விட்டாய் என்பதற்காக இந்த வழக்கை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

அங்கே சௌகரியமா? பழைய சாமான் பாசார் ஏதும் இருக்கிறதா?

ஈப்போவில் நம் ஞாயிற்றுக்கிழமை பாசார் அப்படியேதான் இருக்கிறது. ஆ செங் இப்போதும் தரையில் நீலத் தார்ப்பாயை விரித்து, பழைய கைக்கிளாம்ப்புகளை நமக்கென்று ஓரமாக ஒதுக்கிவைக்கிறான். மேசை ஓரத்தில் மாட்டி, கையால் திருகித் தையல் துணியைப் பிடிக்கவைக்கும் சின்னச் சாமான். இதற்காக இரண்டு கிழவிகள் அடித்துக்கொள்வதை அவன் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

அவனுக்கு என்ன தெரியும்? துரை பங்களாவைக் கூட்டப் போன வயதில், தையல் மேசையில் கொடியும் பூவுமாக ஒன்றைப் பார்த்தேன். தொட்டதற்கு, கணக்கு எழுதும் கிராணியின் மனைவி என் புறங்கையில் அடித்தாள். ரப்பர் பால்மரக் காடு செம்பனைத் தோட்டமாகி, இப்போது வீடுகளாகிவிட்டது. அவளும் செத்துப்போனாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் அலமாரியில் ஒரு வரிசையே வைத்திருக்கிறேன்; எப்போது வேண்டுமானாலும் தொடுவேன்.

நம் சட்டம் நினைவிருக்கிறதா? மூத்தவள்தான் முதலில் எடுக்க வேண்டும். வயதுச் சண்டையே அதனால்தானே வந்தது! அன்றைக்கு ஆ செங் பெட்டியைக் கவிழ்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டோம். என் கையில் திராட்சைக்கொடி போட்ட பித்தளை உடம்பு. உன் கையில் இலைபோல இரண்டு காது வைத்த திருகாணி.

"குடுடி, அது இதோடதுதான்," என்றேன்.

"நீ ஒடம்ப குடு. நான்தான் மூத்தவ."

"மூத்தவளா? தலையில ஒரு நரை இல்ல!"

"தலைய மூடியிருக்கேன், நீ எங்க பாத்த?"

"அம்மா, காடோ வேணா லா, சண்ட வேணா!" என்று ஆ செங் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஒரே மேசையில் தே தாரிக் டீ குடித்தோம். நீ கைப்பைக்குள் திருகாணியைக் கிலுக்கிக் காட்டுவாய். நான் உடம்பை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரவே இல்லை. கொண்டுவந்தால் பிடுங்கிக்கொள்வாயே!

போன வாரம் உன் மகள் ஜமீலா கோப்பெங்கில் என் வீட்டுக்கு வந்தாள். "சின்னம்மா" என்றாள். நீ பழக்கியது. முறைத்தேன்.

"உம்மா சொல்லிட்டுப் போனாங்க. 'நான் இருக்கற வரைக்கும் குடுக்கமாட்டேன். போனதும் அவகிட்ட குடுத்துரு, இல்லன்னா அங்கயும் வந்து கேப்பா'ன்னு."

கைக்குட்டையைப் பிரித்தாள். புளி போட்டுத் தேய்த்து எப்படி வைத்திருந்தாய்! உடம்பை எடுத்துவந்து திருகினேன். ஏறவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன். அப்போதும் ஏறவில்லை. சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால் உன் திருகாணி தடிமன், என் ஓட்டை சின்னது. இலைகூட திராட்சை இலை இல்லை.

வேறு வேறு கிளாம்ப்பின் சாமான்கள், மைமூன்! ஒரே ஒருநாள் ஒரே மேசையில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜமீலா சிரித்தாள். அப்புறம் அழுதாள். என் மகன் சும்மா இருக்காமல், "லகாட்ல பட்டறை இருக்கும்மா, ஓட்டைய பெருசாக்கி புதுசா மரை போட்டுத் தருவான்," என்றான். யாரோ அவ்வளவு ஆசையாக வார்த்த சாமானை, உன்னை ஜெயிப்பதற்காக அறுப்பேனா? வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். பைக்குள் கிலுக்கினாயே தவிர, அதை ஒருமுறையும் என் கையில் தரவில்லையே. சேராது என்று தெரிந்தேதான் கிலுக்கினாயா?

வரும் ஞாயிறு பஸ் பிடித்துப் போவேன். உன் திருகாணிக்குச் சேரும் உடம்பைத்தான் முதலில் தேடுவேன். எனக்கான திருகாணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆ செங் ஏன் என்று கேட்டால், மூத்தவளுக்குத்தான் முதலில் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஒரு தடவை மட்டும்,
உன் தங்கச்சி
அஞ்சலை