துறையூரில் நூறு பேர்

ஜூலை 14, திங்கள்.

சேகர் மாதிரி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. துறையூரில் நூறு வீட்டுக்குப் போய், எந்த அப்பளம் பிடிக்கும் என்று கேட்டு வரச் சொன்னேன். சரியாக ஐம்பது பேருக்குச் சாதா, முப்பது பேருக்கு மிளகு, இருபது பேருக்குச் சீரகம் என்று கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஆபீஸ் போன வருஷம் எடுத்துக் கொடுத்த சர்வேயை வைத்து அப்பளக் கம்பெனி சொல்லிக்கொண்டிருக்கும் அதே கணக்கு. அது இப்போதும் பொருந்துகிறதா என்று சோதிக்கத்தான் இந்த வேலையே. நிஜ மனிதர்களைக் கேட்டால் நாலைந்து பேராவது கூடும், குறையும். இங்கே ஒருவர்கூடப் பிசகவில்லை. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம்.

மேனேஜர் அதற்கும் மேல். சோதனையில் வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டினேன். "ரொம்ப நல்லதாப் போச்சும்மா, அனுப்பிடுங்க" என்றார். இவருக்கு ஒரு ஏசி அறை வேறு.

சேகரை வெளியே கூப்பிட்டு, "நீங்க துறையூர் போகவே இல்லதானே?" என்றேன்.

கொஞ்சமும் கூசவில்லை. "போகலைங்க மேடம். ஆனா போன வருஷ சர்வே நீங்க எடுத்ததாச்சே, தப்பா இருக்காதுன்னுதான் அதையே போட்டேன்."

உள்ளே போய் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் சர்வேக்குக் கிளம்பிய அன்றைக்கு நல்ல மழை. மன்னார்புரம் பேக்கரியில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் நூறு பேரையும் எழுதி முடித்தேன். சீரகத்துக்கு இருபதே பேரைப் போட்டதற்குக் காரணம், எனக்குச் சீரகம் பிடிக்காது.