வலது காலின் பெருவிரல்

வாடிப்பட்டி
2.4.2024

பிரியமுள்ள மாப்ள ஜலாலுக்கு,

ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உனக்கு நோன்பு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். போனில் சொன்னால் உன் காதில் விழாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து பொடிசு என்று உன் மருமகள் நுஸைபாவைப் படிக்கச் சொல்வாய். இது அந்தப் பிள்ளை படிக்க வேண்டிய விஷயம் இல்லை. அதனால் தபால்.

பெரிய வியாழன் அன்று எங்கள் கோவிலில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, சாமியார் அவர்கள் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பள்ளிக்கூட நாளில் என்னோடு வந்து நீயும் பார்த்திருக்கிறாய். என் பையன் மெர்வின் சாமியாரான பிறகு அவன் பொறுப்பில் இருக்கும் பங்குக் கோவிலில் வந்த முதல் பெரிய வியாழன் இது. பன்னிரண்டு பேரில் ஒருவராக என்னை உட்காரச் சொன்னான். நான் முதுகுவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

கோளாறு வலது காலின் பெருவிரல் நகத்தில். மஞ்சளாகித் தடித்து, ஓரமெல்லாம் மாவாக உதிர்கிறது. முப்பத்தொரு வருடம் பள்ளி ஆபீசில் பூட்ஸும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு இருந்தேன். என் வீட்டுக்காரி சூசையம்மாளைத் தவிர அந்த நகத்தை யாரும் பார்த்ததில்லை. அதைப் பெற்ற பிள்ளை கையில் கொடுத்து, சபை பார்க்க முத்தமிடச் சொல்வதா?

ஆனால் அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் புறப்பட்டபோது "ஒத்தப் புள்ள, வேணாம்டா" என்று நான் வாசலை மறித்தது உனக்குத் தெரியும். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரல போல" என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரவில்லை.

நீ ஆயிரம் கால் பார்த்த செருப்புக்கடைக்காரன். ஒரு வழி சொல்.

உன் டோனி

*

வில்லாபுரம், மதுரை
8.4.2024

அன்பு மாப்ள டோனிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை சிரித்தேன்.

அதற்குப் பெயர் நகச்சொத்தை. என் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு இரண்டு பேர் காலை மடக்கி ஒளிப்பார்கள். "அளவச் சொல்றேன் பாய், கால எதுக்குப் பாக்குறீங்க" என்பார்கள். நீ மட்டும் பெரிய அதிசயம் இல்லை. மெடிக்கல் கடையில் ஏதாவது டியூப் வாங்கித் தடவாதே. கே.கே. நகரில் ஹெப்சிபா என்று ஒரு தோல் டாக்டர் அம்மா இருக்கிறார். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார். அவரிடம் போ.

பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஒரு நகத்துக்கு வெட்கப்பட்டு, மகனை வருத்தத்தோடு அலையவிட்டிருக்கிறாய். இதில் மூன்றாவது முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெருநாளைக்கு பிரியாணிக்கு வா. பூட்ஸ் போடாமல் வா.

துஆவுடன்,
ஜலால்

*

வாடிப்பட்டி
10.9.2024

பிரியமுள்ள மாப்ளைக்கு,

நீ சொன்னதைக் கேட்காமல் நாலு மாதம் டியூப் தடவினேன். நகம் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல்தான் சிவந்தது. கடைசியில் ஆகஸ்டில் டாக்டர் ஹெப்சிபாவிடம் போனேன். நகத்தில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினார்கள். பூஞ்சைதான் என்று எழுதி வந்தது. ஈரல் நன்றாக இருக்கிறதா என்று ரத்தமும் பார்த்தார்கள். அதன் பிறகே மருந்து எழுதினார். மூன்று மாதம், தினமும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கேப்சூல். நீ சொன்ன மாதிரியே கேள்வி மேல் கேள்வி. "வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். நகத்துக்கு வேறு எதுவும் போடவில்லை. இல்லை என்றேன்.

அது சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து, கொடியேறிய நாளிலிருந்து திருவிழா வரை ஒருசந்தி இருந்தேன். சாயந்திரம் ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் கேப்சூல் நேரம் தவறவில்லை. மதியம் ஒரு மணி என்றால் ஒரு மணி, கட்டங்காப்பியோடு விழுங்கிவிடுவேன். வயிறு எரிந்தது. அதற்கு அந்த ரோஸ் கலர் அசிடிட்டி மருந்தை இரண்டு மூடி குடித்துக்கொண்டேன்.

மெர்வினிடம் இன்னும் சொல்லவில்லை. நகம் சரியானதும் சொல்லிக்கொள்ளலாம்.

உன் டோனி

*

வில்லாபுரம்
14.9.2024

அன்பு மாப்ள,

ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த புத்தி உன்னை விடவில்லை. மருந்துச் சீட்டில் இருந்த மதியத்தைப் பிடித்துக்கொண்டாய், சாப்பாட்டை விட்டுவிட்டாய்.

எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒவ்வொரு நோன்புக்கும் பிறை பார்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போய் நிற்பேன். எந்த மாத்திரை விடியுமுன் சாப்பிடும் சஹரில், எந்த மாத்திரை நோன்பு திறந்த பிறகு என்று எழுதி வாங்காமல் ஒரு நாள் நோன்பு வைத்ததில்லை. நீ நேர்ந்துகொள்ளும்போது மாதாவிடம் கேட்டிருக்கிறாய், டாக்டரிடம் கேட்கவில்லை.

போய் நடந்ததைச் சொல். ரோஸ் மருந்தையும் சேர்த்துச் சொல்.

ஜலால்

*

வாடிப்பட்டி
12.10.2024

பிரியமுள்ள மாப்ளைக்கு,

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இந்தக் கேப்சூல் கரையணும்னா வயித்துல சோறும் வேணும், புளிப்பும் வேணும். நீங்க சோத்தையும் எடுத்துட்டீங்க, புளிப்பையும் அணைச்சுட்டீங்க. பத்து நாள் மருந்து வீண்தான்" என்றார். எரிச்சலுக்குக் குடிக்க வேண்டியிருந்தால் கேப்சூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டுமாம். "விட்டதுக்குச் சேத்து நாளைக்கு ரெண்டு மடங்கா போடவா?" என்று கேட்டேன். "போட்டீங்கன்னா உங்க வீட்டம்மாவுக்கு போன் பண்ணுவேன்" என்றார்.

இப்போது ஒழுங்காகச் சாப்பிட்டுப் போடுகிறேன். பத்து நாளாக இரண்டு தொடையும் அடித்துப் போட்டது மாதிரி வலிக்கிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. அக்டோபர் செபமாலை மாதம் இல்லையா, தினமும் அரை மணி நேரம் முழங்காலில் நிற்பதால் வந்தது. இரவில் கொலஸ்ட்ரால் மாத்திரையை எடுக்க அடுப்படி வரை நடப்பதே பெரும்பாடு. வயதாகிறது, என்ன செய்ய.

உன் டோனி

*

வில்லாபுரம்
15.10.2024, காலை

மாப்ள,

அது என்ன கொலஸ்ட்ரால் மாத்திரை? வேறு மாத்திரை இல்லை என்றுதானே டாக்டரிடம் சொன்னாய்?

கடையில் இருக்கும் வெள்ளைத்துரையை விட்டு உனக்கு மூன்று முறை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. அவன் கையிலேயே இதைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போடு. இன்றைய கேப்சூலை விழுங்குவதற்கு முன் அந்தப் பையோடு கே.கே. நகருக்குப் போ. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் முழங்காலில் நின்றால் முழங்கால்தான் வலிக்க வேண்டும், தொடை எதற்கு வலிக்கிறது?

நீ பஸ் ஏறும்வரை வெள்ளைத்துரை அங்கேயே நிற்பான். அவனுக்குச் சாப்பாடு போடு.

ஜலால்

*

வாடிப்பட்டி
28.10.2024

என் மாப்ளைக்கு,

வெள்ளைத்துரை மூன்று தோசை சாப்பிட்டான். பிறகு என் கூடவே பஸ்ஸில் ஏறி, டாக்டர் அறை வாசல் வரை வந்துவிட்டான். "பாய் உள்ள போறவரைக்கும் பாக்கச் சொன்னாரு" என்றான்.

பையைக் கவிழ்த்ததும் டாக்டர் அந்த ஒரு அட்டையைத்தான் எடுத்தார். இந்த கேப்சூலும் அந்த மாத்திரையும் ஒரே உடம்பில் இருக்கக் கூடாதாம். கேப்சூல் அதை உடம்பை விட்டு வெளியேற விடாமல் பிடித்து வைக்க, அது தசையை அரிக்குமாம். ரத்தம் பார்த்தார்கள், தசை அரிப்பைக் காட்டும் அளவு ஏறியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கிட்னியையும் கெடுத்திருக்கும்" என்றார்.

எனக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிய டாக்டரோடு அவரே போனில் பேசினார். கோர்ஸ் முடியும்வரை அது வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ரத்தம் சரியாகும்வரை கேப்சூலும் நிறுத்தம். நேற்று மறுபடி பார்த்தார்கள், சரியாகிவிட்டது. இன்று மதியம் சாம்பார், முட்டைப் பொரியல், தயிர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, வாந்தி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். சூசையம்மாள் அதைக் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். தினமும் காலையில் என் கண்ணை இழுத்துப் பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு நேரம் என் கண்ணைப் பார்த்ததில்லை.

உன் தொடைக் கேள்விக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

டோனி

*

வாடிப்பட்டி
10.3.2025

பிரியமுள்ள மாப்ள,

உனக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம். இந்த வருடம் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்திருக்கிறது.

விட்ட நாளையும் சேர்த்து, கோர்ஸ் டிசம்பர் பாதியில் முடிந்தது. கடைசியாக எடுத்த ரத்தமும் நன்றாக இருக்கிறது, கொலஸ்ட்ரால் மாத்திரையும் திரும்பி வந்துவிட்டது. அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் புது நகம் ஏறுகிறது. நுனியில் பழைய மஞ்சள் இன்னும் இருக்கிறது. மருந்து நகத்துக்குள் தங்கி வேலை செய்யும், முழுதாக வளர இன்னும் பல மாதம் ஆகும், அவசரப்பட்டு மேற்கொண்டு வாங்கிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று மெர்வின் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இந்த வருசமும் முதுகுவலி வருமாப்பா?"

"முதுகு இல்லடா. நகம்."

"என்ன நகம்?"

சாக்ஸைக் கழற்றிக் காட்டினேன். டியூப், ஒருசந்தி, மஞ்சப்பை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துப் பார்த்தான். பிறகு, "இதுக்காப்பா ஒரு வருசம்? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றான். முழுதாகக் குணமாகவில்லையே என்றேன். "கழுவுன கால எதுக்குப்பா கழுவணும்?" என்று கேட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். எனக்கென்று தனித் துண்டு, என் காலைத் தொட்டபின் அவனுக்கு சோப்பு போட்டுக் கைகழுவல். அப்படியானால் சரி என்றார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், சாயந்திரம் ஆறு மணி. நீ வர வேண்டும்.

டோனி

*

வில்லாபுரம்
19.4.2025

அன்பு மாப்ள டோனிக்கு,

கூட்டத்தில் உன்னிடம் பேச முடியவில்லை, கிளம்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் இருந்தேன். பாட்டு, பூசை எதுவும் காதில் விழவில்லை. கால்களை மட்டும் பார்த்தேன், எனக்குத் தெரிந்த விஷயம் அதுதானே. பதினோரு பேரும் வீட்டிலேயே தேய்த்துக் குளித்துவிட்டு, புதுப்பெண் மாதிரி கால்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். உள்ளபடியே கழுவ வேண்டிய கால் உன்னுடையது ஒன்றுதான்.

நீ கடைசி ஆள். முதலில் இடது காலை நீட்டினாய், பார்த்துவிட்டேன். உன் பையன் அதை மெதுவாகத் தள்ளிவிட்டு வலதை எடுத்தான். நுஸைபா என் பக்கத்தில் அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரியும் மாப்ள, உன் கடிதங்களை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். என் படிக்கிற கண்ணாடி ஒரு வருடமாக உடைந்து கிடக்கிறது.

அவன் துடைத்தான், குனிந்து முத்தமிட்டான். நிமிரும்போது அவன் உதடு அசைந்தது. செபம் சொல்கிறார் என்று சபையே நினைத்திருக்கும். காது போன பிறகு கடையில் நான் உதட்டைப் பார்த்துத்தான் வியாபாரம் பண்ணுகிறேன்.

"அப்பா, மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

நீ தலையாட்டினாய்.

எட்டாம் நம்பரில் காற்றாடும் செருப்பு ஒரு ஜோடி வெள்ளைத்துரையிடம் கொடுத்தனுப்புகிறேன். பூட்ஸை அவனிடம் கொடுத்துவிடு.

ஜலால்