கழுவினால் போகும் மை

05.02.2023, ஞாயிறு

கடுக்காயை இடித்து, துருப்பிடித்த ஆணிகளோடு ஜாம் போத்தலில் ஊறப்போட்டிருந்தேன். இன்று திறந்தால் நல்ல கறுப்பு. முட்டை வெள்ளைக்கரு கொஞ்சம் அடித்துச் சேர்த்ததும் பளபளப்பும் வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு என் வகுப்பின் பங்கு இது, வீட்டுச் சாமானில் செய்த மை.

குசினி முழுக்கக் கறை. நிஸா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவளைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள் கிளினிக்கில், வயிற்றில் எட்டாம் மாதம். போன வருடம் ஆறாம் மாதத்தில் எங்கள் பிள்ளை வயிற்றிலேயே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வந்த இந்தப் பிள்ளையைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. ஒரு துணி வாங்க விடுகிறாள் இல்லை. பெயர் என்று தொடங்கினால் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

07.02.2023, செவ்வாய்

புத்தளத்திலிருந்து மாமி போன் எடுத்தார். "மருமகன், நிஸாவுக்குப் பீங்கான் எழுதிக் குடுங்கோ. நானும் குடிச்சுத்தான் இவளைப் பெத்தனான்."

வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஓதல் எழுதி, தண்ணீர் விட்டுக் கரைத்து, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுப்பது. எங்கள் ஊர் தண்ணீரூற்றில் இப்போது அப்படி எழுதுகிறவர் யாருமில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். "நம்பிக்கை குடிக்கிறவளுக்கு இருந்தாக் காணும்," என்று போனை வைத்துவிட்டார்.

கோபம்தான். யாரில் என்று தெரியவில்லை.

08.02.2023, புதன்

நிஸாவே கேட்டாள். "எழுதித் தருவீங்களா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாக என்னிடம் ஒன்று கேட்கிறாள். ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

10.02.2023, வெள்ளி

முல்லைத்தீவுக் கடைகளில் குங்குமப்பூ இல்லை. பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, சுண்டக் காய்ச்சினேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, கைகால் முகம் கழுவி வுழூ செய்து, நாணல் குச்சியைச் சீவி, பீங்கானில் ஆயத்துல் குர்ஸி எழுதினேன். சின்ன வயதில் மதரஸாவுக்கு ஓதப் போன காலத்தில் படிந்த கை, இன்னும் கெட்டுப் போகவில்லை. நல்ல வெயிலில் காய வைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிஸா தண்ணீர் விட்டாள். எழுத்து அசையவில்லை. விரலால் தடவினாள். சுடுதண்ணீர் கேட்டாள். அதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பளபளக்கட்டும் என்று பழக்கதோஷத்தில் இதிலும் வெள்ளைக்கரு விட்டிருக்கிறேன். முட்டை காய்ந்த கோப்பையைக் கழுவிப் பார்த்தவருக்குத் தெரியும், அது எப்படிப் பிடிக்கும் என்று. வேறு பாத்திரமென்றால் தேங்காய்ப் பொச்சு போட்டு உரஞ்சலாம். இது ஓதல். பொச்சுப் போட்டு உரஞ்சுவதா?

அவள் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "இதுகூட எனக்குச் சரிவரேல்ல."

என் மண்டையில் மண்தான். கழுவினால் போகாத மை செய்துதானே எனக்குப் பழக்கம். பக்கத்தில் இருந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். "போன பிள்ளை நிக்காமப் போச்சு. இது எப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு பார்."

அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பீங்கானைப் பார்த்தாள்.

12.02.2023, ஞாயிறு

பீங்கான் வாளித் தண்ணீரில் ஊறிக்கிடந்து, எழுத்து இன்றுதான் விட்டது. கால்படாத இடமாகப் பார்த்து, மாதுளை மரத்தின் அடியில் ஊற்றினேன். நிஸா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

14.02.2023, செவ்வாய்

சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். நாயாற்றுக் களப்பு இறால் வாங்கி, அதைத் துப்புரவாக்குவதிலேயே கவனம். பானையை ஊறவைத்துவிட்டுத் திரும்பி வந்தால் தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கிறது. விரலை விட்டுச் சுவரில் இழுத்தேன். எழுதியது.

"நிஸா, மை கிடைச்சிட்டுது."

"சோறு எங்க?" என்றாள்.

16.02.2023, வியாழன்

அரிசியைக் கரியாகும் மட்டும் வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, துணியில் வடித்தேன். முட்டை இல்லை, பிசின் இல்லை. எழுத்து மங்கல்தான், கண்காட்சிக்கு வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் தண்ணீர் விட்டதும் புகை போல எழும்பிக் கரைந்தது. நிஸா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"எப்பிடி?"

"உங்கட சோறு மாதிரித்தான்."

நான் குசினிக்குள் போய் அடுத்த பிடி அரிசியை வறுக்கப் போட்டேன். அவள் பகிடி விட்டுக் கேட்டு எவ்வளவு காலம்.

20.02.2023, திங்கள்

எழுதினேன். குடித்தாள். பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.

26.02.2023, ஞாயிறு

"சின்னச் சட்டை ஒண்டு ரெண்டு வாங்கினா என்ன?" என்று கேட்டாள். கட்டியிருந்த சாரத்தோடயே சைக்கிளை எடுத்தேன்.

09.03.2023, வியாழன், ஆஸ்பத்திரி

பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். சிசேரியன்.

காலையில் எழுதிய பீங்கானைக் கரைத்து, தண்ணீர்ப் போத்தலில் கொண்டுவந்தோம். வோட்டில் கட்டில் கிடைத்ததும் குடிக்கலாம் என்று நினைத்தாள். நேர்ஸ் மறித்துவிட்டா. "ஒப்பரேஷனுக்கு முதல் ஒரு மிடறும் கூடாது அம்மா." நிஸாவின் முகம் செத்துப் போச்சு. போத்தலை என் கையில் திணித்தாள். "வச்சிருங்கோ. ஊத்திப் போடாதேங்கோ." தள்ளுவண்டியில் கொண்டு போயிட்டினம். கதவு சாத்தியாச்சு.

வெளியில வாங்குப் பலகையில இருக்கிறன். ஒரு தகவலும் இல்லை. நூறு தரம் படிப்பிச்சிருக்கிறன், கருப்பை, தொப்புள்கொடி, எல்லாம் படம் கீறி. இப்ப ஒண்டும் ஞாபகம் வரேல்ல. அவளுக்கு ஏதும் ஆகிட்டால்? பிள்ளைக்கு? ஆரைக் கேக்கிறது? யா அல்லாஹ், எனக்குப் பயமாக் கிடக்கு.

11.03.2023, சனி

மகள். இடது காதில் ஒரு சின்ன மறு. தொழுகைக்கு அழைக்கும் பாங்கை அவளின் வலது காதில் நானே சொன்னேன். பெயரை நிஸா ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள், அஸ்மியா. எப்போது யோசித்தாளோ, எனக்குச் சொல்லவில்லை.

இன்று எழுந்து சாய்ந்து இருந்தாள். முதலில் கேட்டது போத்தலைத்தான். "எங்க? ஊத்திட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

"குடிச்சிட்டன்."

"ஆர்?"

"நான்தான். நீ உள்ளுக்க இருக்கேக்க. வாங்கில இருந்து. முழுக்க."

தையல் நோகுது, நோகுது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு நிஸா சிரிப்பை அடக்கி, என் கையை எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்தாள்.

"பரவாயில்ல," என்றாள். "வேலை செய்திருக்கு."