மூன்று பிள்ளைகளுக்கு இராச்சாப்பாடு

மாசி 5, திங்கள்

விடியப் பனி. கிணற்றடி வாழையிலை எல்லாம் நனைந்து கிடந்தது. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து முடிய வெயில் ஏறிவிட்டது.

மகள் பொன்னு ஆசுப்பத்திரியில். நெருப்புக் காய்ச்சல். போய் ஒரு கிழமை தாண்டிவிட்டது. மருமகன் மலாயாவில், சண்டை தொடங்கிய பிறகு கடிதமே இல்லை. வீட்டில் நானும் அவளுடைய பிள்ளைகள் மூன்றும். இராசனுக்கு ஒன்பது வயது, பவளத்துக்கு ஏழு, குஞ்சுவுக்கு நாலு. பகலில் அயல் வீட்டுப் பெண்கள் ஏதாவது கொடுக்கிறார்கள். இரவுதான் கரைச்சல்.

நேற்று மருமகனின் தமக்கை நாகம்மா கொடிகாமத்திலிருந்து வந்தாள். குஞ்சுவின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மான், உந்தக் கையைப் பாருங்கோ, முருங்கைக்காய் மாதிரி. வாற ஞாயிறு வருவன். அதுக்குள்ளை ஒழுங்காய்ச் சாப்பிடாட்டில் சின்னவளை நான் கொண்டு போறன். பவளத்தை என்ரை தங்கச்சி வீட்டிலை விடுவம். இராசன் உங்களோடை நிக்கட்டும்."

கெட்ட மனுசி இல்லை. அவள் வீட்டிலும் ஆறு வாய். மூன்றையும் எப்படி எடுப்பாள்?

ஆனால் பொன்னு ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டது ஒன்றே ஒன்று. "மூண்டையும் பிரிச்சுப் போடாதையுங்கோ அப்பு."

ஆகவே யோசித்து எழுதி வைக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து கோணும். வாசிக்கப்போவது நான்தானே.

திங்கள் – கோதம்ப மாப் புட்டு, சம்பல்.
செவ்வாய் – மரவள்ளிக் கிழங்கு அவித்தது.
புதன் – குரக்கன் ரொட்டி.
வியாழன் – பனங்கிழங்கு ஒடியல் மாக் கூழ்.
வெள்ளி – சோறு. கூப்பன் அரிசியில் இதற்கென்று எடுத்து வைத்தாயிற்று.

இரவு. புட்டு களியாகிவிட்டது. தண்ணீர் கூடிப்போச்சு. நான் என் பங்கைச் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், மூன்று தட்டும் போட்டபடி. இராசன் பாதி. பவளம் ஒரு வாய். குஞ்சு விரலால் உருட்டி எறும்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுது அப்பு."

மிச்சம் மாட்டுக்கு. சட்டி கழுவிக் கவிழ்த்தேன்.

மாசி 6, செவ்வாய்

காற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த இராசனுக்குக் காலில் முள். எடுத்தேன்.

மரவள்ளி நல்ல கிழங்கு, மா மாதிரி வெந்தது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும். சீனியை மட்டும் நக்கினார்கள்.

என் பெண்சாதி செத்துப் பதினொரு வருசம். அவள் மரவள்ளிக்குத் தாளித்த மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. எங்கள் கலியாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் இருந்தது, யார் இரண்டாம் தரம் பாயசம் கேட்டது, எல்லாம் சொல்லுவேன். ஆனால் அவள் அடுப்பை எப்படி மூட்டினாள் என்று கேட்டால் தெரியாது. குசினிக்குள் நான் போனதே இல்லை. கூப்பிடுவாள். முன் விறாந்தையில் பலகை போட்டிருக்கும். இருந்தால் சாப்பாடு வரும். பிறகு பொன்னுவும் அப்படியே. நான் சாப்பிட்டுக் கை கழுவிச் சுருட்டுப் பற்ற வைத்தால் அந்த நாள் முடிந்தது.

இப்போதும் சமைத்து முடிய முதல் தட்டை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குத்தான் வருகிறேன். பழக்கம்.

மாசி 8, வியாழன்

நேற்று எழுதவில்லை. குரக்கன் ரொட்டி ஓடு மாதிரி வந்தது. இராசன் அதைக் கல்லில் தட்டிச் சத்தம் காட்டினான். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று காலை ஆசுப்பத்திரி. பொன்னுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம். தலைமயிரைக் கத்தரித்துவிட்டார்கள், சின்னப் பெடியன் மாதிரி இருக்கிறாள். பிள்ளைகளுக்கு இரவில் என்ன கொடுப்பாய் என்று கேட்டேன். விசேசமாய் ஒன்றும் இல்லை, இருப்பதைக் கொடுப்பேன், எல்லாம் சாப்பிடுவார்கள் என்றாள். புட்டு? சாப்பிடுவார்கள். மரவள்ளி? சாப்பிடுவார்கள். நாகம்மா சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை. அதே மா, அதே கிழங்கு. அவளிடம் தின்கிறவர்கள் என்னிடம் ஏன் தின்கிறார்கள் இல்லை?

கூழுக்கு நண்டு வாங்கினேன். பயிற்றங்காய், பலாக்கொட்டை, புளி, எல்லாம் போட்டேன். வலு திறம், நானே சொல்லக்கூடாது. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி மூவருக்கும் கொடுத்தேன். பவளம் உறைப்பு என்று அழுதாள். குஞ்சு இலையை மட்டும் வைத்து விளையாடினாள். நான் மூன்று இலை குடித்துவிட்டு வெறும் மனதோடு படுத்தேன்.

இன்னும் வெள்ளி, சனி. பிறகு ஞாயிறு.

மாசி 9, வெள்ளி

கோயிலுக்குப் போய் வரப் பொழுதுபட்டுவிட்டது. குளித்து விளக்கேற்றி, சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. பிள்ளைகளுக்குப் பசி என்று முதலில் அவர்களுக்குப் போட்டேன். என் வாழ்நாளில் முதல் தரம் எனக்கு முன் இன்னொருவர் சாப்பிட்டது.

சோறு என்றால் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கொறித்துவிட்டு எழும்பிவிட்டார்கள்.

எனக்குக் களைப்பு. விறாந்தை வரைக்கும் நடக்கப் பஞ்சி. குசினி நிலத்திலேயே காலை நீட்டி இருந்து, சோற்றுச் சட்டிக்குள் மிச்சக் கறியையும் சொதியையும் ஊற்றி ஒன்றாய்க் குழைத்தேன். தட்டுக் கழுவுவது மிச்சம் என்றுதான்.

இரண்டு வாய் வைத்திருப்பேன். பார்த்தால் பவளம் வந்து பக்கத்தில் குந்தியிருக்கிறாள். பிறகு இராசன். குஞ்சு உள்ளங்கையை நீட்டினாள்.

ஒரு உருண்டை வைத்தேன். போய்விட்டது. திரும்பக் கை. பவளத்தின் கை. இராசனின் கை. மாறி மாறி. நான் குழைக்கக் குழைக்கச் சட்டி வெறுமையாகிவிட்டது. குஞ்சு என் விரலில் ஒட்டியதையும் விடவில்லை.

"அம்மா இப்பிடித்தான் தாறவா" என்றான் இராசன்.

"ஏன்டா முந்திச் சொல்லேல்லை? என்ன சாப்பிடுவியள் எண்டு எத்தினை தரம் கேட்டனான்?"

"அது எங்கடை சாப்பாடு இல்லையே அப்பு. அது அம்மாவின்ரை சாப்பாடு."

நான் விறாந்தையில் சுருட்டோடு இருந்த நேரமெல்லாம் பின்னால் குசினியில் இதுதான் நடந்திருக்கிறது. ஒரே வீடு. ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்தக் கிழமை முழுக்க அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நானோ உடனே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

மாசி 10, சனி

திங்கட்கிழமைப் புட்டையே திரும்பச் செய்தேன். இன்றும் கொஞ்சம் களிதான். தட்டில் போடவே இல்லை. சொதியும் ஒரு வாழைப்பழமும் போட்டுச் சட்டிக்குள் பிசைந்தேன். மூவரும் சுற்றி. ஒட்டுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பவளம் பள்ளிக்கூடத்துக் கதை முழுக்கச் சொன்னாள். வாய் நிறையப் புட்டு, பாதி விளங்கவில்லை.

மாசி 11, ஞாயிறு

மப்பு. மழை இல்லை. புகையிலைக்கு நல்லதுதான்.

நாகம்மா மத்தியானம் வருவாள் என்று பார்த்தேன். பொழுதுபடத்தான் வந்தாள். நாங்கள் நாலு பேரும் குசினியில், சட்டியைச் சுற்றி. மரவள்ளியும் மீன் குழம்பும். வாசலில் அவள் நிழல் விழ எனக்கு வெட்கமாய்ப் போச்சு. இந்த வயதில் ஆம்பிளை ஒருவன் சமைத்த சட்டிக்குள் கை விட்டுக்கொண்டு! எழும்பப் பார்த்தேன்.

"இருங்கோ அம்மான், எழும்பாதையுங்கோ." கையில் பிள்ளையின் உடுப்புக்கென்று ஒரு பை கொண்டு வந்திருந்தாள். "சட்டிக்குள்ளை சாப்பிட்டால் கலியாணத்தண்டு மழை பெய்யும் எண்டுவினம். உங்களுக்கு இனிப் பயமில்லை."

நாகம்மா பகிடி விட்டு நான் கேட்டதில்லை.

பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். குஞ்சுவின் கை நீளுவதையும் மடங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். குஞ்சு பறித்துக்கொண்டு திரும்பவும் என்னிடம் நீட்டினாள்.

"மெலிஞ்சுதான் கிடக்கிறாள்" என்றாள் நாகம்மா. "இஞ்சையே நிக்கட்டும். மூண்டும் நிக்கட்டும்."

சட்டியில் கிடந்த கடைசிப் பிடியைக் குஞ்சுவின் கையில் வைத்தேன்.

நாகம்மா சட்டியை எட்டிப் பார்த்து, நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்டாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இரவில் என் வாய்க்குப் போனது இரண்டு மூன்று பிடிதான். கவனிக்கவே இல்லை.

அவளுக்கும் விளங்கியிருக்கும். பொன்னு இத்தனை வருசம் என்னத்தைச் சாப்பிட்டாள்?

நாகம்மா மா எடுத்து இரண்டு ரொட்டி தட்டிப் போட்டாள். இன்று இங்கேதான் படுக்கை, காலமை பஸ்ஸில் போவாள். தனியாக.

பொன்னு வந்ததும் பலகை அவளுக்கு. முதல் தட்டு அவளுக்கு. அவள் விறாந்தையில் இருந்து வயிறாரச் சாப்பிடட்டும். சட்டியோடு நான் இருப்பேன்.

நாளை திங்கள். குரக்கன், கத்தரிக்காய். ஒரு சுண்டு மா கூடப் போட வேண்டும்.